வெள்ளாற்றுத் திட்டின் கிழக்குப் பாதி

9 ஜனவரி 2008, புதன்

செராமிக் தொழிற்பேட்டையில் இரண்டு சூளைகளை அணைத்துவிட்டார்கள். வெளியூர்ச் சரக்கு மலிவாக வருகிறதாம். நேரில் போய் முதலாளியிடமும் தொழிலாளர்களிடமும் பேசி, பிற்பகலுக்குள் எழுதி அனுப்பினேன்.

திரும்பும்போது சிவசங்கரி கேட்டதையும் வாங்கிவந்தேன். கீறல் விழுந்தது, வளைந்தது என்று ஒதுக்கிப்போட்ட வெள்ளை இன்சுலேட்டர்கள், ஒரு சாக்கு. குவியலிலிருந்து அள்ளிப்போட்டவர் சிரித்தார். "என்னா ரிப்போர்ட்டர் சார், தனியா கரண்டு கம்பெனி ஆரம்பிக்கிறீங்களா?" மகளுக்கு என்றேன். மேலே விளக்கினால் கதை நீளும்.

இங்கே எழுதிவைக்கலாம். மூங்கில் குச்சிகளின் தலையில் இவற்றை மாட்டி, வெள்ளாற்றுத் திட்டின் நடுவே வரிசையாக நடப்போகிறாள். வரிசைக்கு மேற்கே எரிக்க வேண்டிய பாதி. கிழக்கே எரிக்கக் கூடாத பாதி. புகைக்குள்ளும் வெள்ளை தெரியும் என்கிறாள்.

சொர்ணாம்பாள் சாக்கை எட்டிப் பார்த்தாள். "ஊருல பொண்ணுங்க அடுப்பு பத்தவெக்கக் கத்துக்குதுங்க. உங்க பொண்ணு ஆத்தப் பத்தவெக்கக் கத்துக்கிட்டு வந்திருக்குது."

"ஆறு எரியாதும்மா. உன் சாம்பாருதான் அடிப்புடிக்கும்" என்றாள் மகள், உள்ளேயிருந்து.

வீட்டில் மறுபடியும் சத்தம் இருக்கிறது.

13 ஜனவரி

சங்கரி இரண்டு வருடம் தெற்குக் கடலில் ஒரு தீவில் வேலை பார்த்தாள். மனிதர் குடியில்லாத தீவு. மாதக் கணக்கில் கப்பல் வராது. எப்போதோ கப்பலோடு வந்திறங்கிய ஓர் அயல்புல் அந்த மண்ணின் செடிகளை மூடிவிட்டதாம். தீவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, காற்றும் ஈரமும் சரியாக இருக்கும் நாளில், திட்டமிட்டுத் தீ வைப்பார்கள். மூடிய புல் போகும். மண்ணுக்குள் காத்துக்கிடந்த பழைய விதைகள் முளைக்கும். ஒரு பகுதி எரியும் வருடம் பக்கத்துப் பகுதியைத் தொடமாட்டார்கள்.

"ஏன்?" என்று அவள் இதைச் சொன்ன அன்றைக்குக் கேட்டேன். நிருபருக்குரிய கேள்விதான்.

"தீவுப்பா. ஓடறதுக்கு வேற எடம் கெடையாது. எரியற பாதியில இருக்கிறதெல்லாம் எரியாத பாதிக்குத்தான் போவணும்."

அந்த முறையைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறாள். ஸ்ரீமுஷ்ணத்துக்கு அந்தண்டை வெள்ளாறு இரண்டாகப் பிரிந்து சேரும் இடத்தில் இருக்கிறது பெரிய திட்டு. ஒரு காலத்தில் முழுக்க நாணல். இப்போது மேற்குப் பாதியைச் சீமைக்கருவேல் பிடித்துவிட்டது. மழைக்கு முன்பே ஆள் வைத்து வெட்டி, வேரோடு பறித்துப் போட்டாள். வெட்டியது காய்ந்து கிடக்கிறது. அதையும், கீழே புதிதாக முளைத்திருக்கும் கருவேலங்கன்றுகளையும் தீயால் எடுத்துவிட்டால், கிழக்குப் பாதி நாணல் தானே மேற்கே நகரும். அவள் கணக்கு இதுதான்.

சீமைக்கருவேலைப் பற்றி இருபது செய்தியாவது எழுதியிருப்பேன். எதிலும் இப்படி ஒரு யோசனை இருந்ததில்லை.

16 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

கரையோர விவசாயிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று சங்கரி கிளம்பினாள். நானும் கூடப் போனேன். திட்டின் கிழக்கு நுனிக்கு நேர் எதிர்க்கரையில் கொளஞ்சிநாதனின் கொல்லை. கரும்பு, பெண்ணாடம் ஆலைக்கு வெட்டு உத்தரவு வந்துகொண்டிருக்கிறது. மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் அந்தக் கையோடேயே வந்தார். எனக்குப் பழக்கம்தான். கரும்பு நிலுவைப் போராட்டங்களில் முன்னால் நிற்கும் ஆள்.

அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"காத்துக்கு எதிரா வெச்சா எப்படி பாப்பா எரியும்? நாங்க கரும்பு வெட்டுன சோகைய காத்து வாக்குல ஒரு பக்கம் கொளுத்துனா, டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள ஏக்கரா முடிஞ்சிடும்."

"சீக்கிரம் முடியக் கூடாதுண்ணே. மெதுவாத்தான் நவுரணும். முயலு, காடை, பாம்பு எல்லாம் அந்தப் பக்கம் போயிடணும்ல."

"பாம்புக்கு வழி வுடுற தீய இப்பதான் கேள்விப்படறேன்." மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கேட்டியா, நம்ம வூட்டு அடுப்ப விட மந்தமா ஒரு தீ வரப்போவுது." பிறகு எங்களிடம், "அப்ப மீதிப் பாதி?"

"அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆவும்ண்ணே. அதுவும் தேவைப்பட்டாத்தான்."

"அதுக்கும் இதே மாதிரி அலையணுமா?"

"ஆமா, மறுபடியும் அனுமதி வாங்கணும், ஆள் புடிக்கணும், எல்லாந்தான்."

அவர் உச்சுக்கொட்டினார். பானையிலிருந்த பொங்கலை இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

28 ஜனவரி

வனத்துறை அனுமதி வந்தது. மேற்பார்வைக்கு வரப்போகும் அதிகாரி கோதண்டபாணி. நிதானமானவர். மேற்குப் பாதிக்கு மட்டும் அனுமதி; கிழக்குப் பாதியில் தீ பட்டால் அத்தோடு திட்டம் ரத்து, பொறுப்பு சிவசங்கரியுடையது. இந்த நிபந்தனையை அவளே கேட்டு எழுத வைத்தாளாம்.

"இப்படி எழுதிக்கிட்டா நாளைக்கு உனக்குத்தானே கஷ்டம்?"

"கிழக்குப் பாதிதாம்பா முக்கியம். எரியற பாதி இல்ல."

3 பிப்ரவரி

காற்று இல்லை. காத்திருக்கிறாள்.

5 பிப்ரவரி

காற்று அதிகம். குழுவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இன்னும் சில நாள் போனால் ஆள்காட்டிக் குருவி முட்டையிடத் தொடங்கிவிடும், பிறகு இந்த வருடம் கிடையாது என்கிறாள். சாப்பிடும்போதும் ஜன்னலுக்கு வெளியே வேப்ப இலையைத்தான் பார்க்கிறாள்.

10 பிப்ரவரி, ஞாயிறு

நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

விடிந்ததிலிருந்து காற்று கிழக்கிலிருந்து மென்மையாக, சீராக வந்தது. கரையில் நின்று ஒரு பிடி தூசியைத் தூவிப் பார்த்தாள். "இன்னிக்குத்தாம்பா." பையை என் கையில் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். வாய்க்கால் போல ஓடுகிற இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கோதண்டபாணி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். கூலியாட்கள் தண்ணீர்க் குடங்களோடும் பச்சைத் தழைகளோடும் போனார்கள். கூலியாட்களில் ஒருவரான பாவாடையைக் கிழக்குப் பாதியில் நிறுத்தினாள் — ஆடு வராமல் பார்க்கவும், பொறி ஏதும் விழுந்தால் அடிக்கவும். நான் இக்கரையில், திட்டின் நடுவுக்கு நேரே, புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். வெள்ளை வரிசை நன்றாகத் தெரிந்தது.

மேற்கு நுனியில் தீ வைத்தார்கள். காற்றை எதிர்த்து நகரும் தீயை இன்றுதான் பார்க்கிறேன். முழங்கால் உயரம்கூட இல்லை. மேய்கிற மாடு நகர்வதுபோல நகர்ந்தது. அதற்கு முன்னால் முயல்கள் வந்தன. வெள்ளை வரிசையைத் தாண்டி நின்று, திரும்பிப் பார்த்து, நாணலுக்குள் போயின. காடைகள் தாழப் பறந்து கிழக்கே இறங்கின. ஓர் உடும்பு அவசரமே இல்லாமல் போனது. சங்கரி வரிசையின் ஓரத்தில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிம்மதியாக அவளை நான் பார்த்ததில்லை.

அப்போது எதிர்க்கரையிலிருந்து மூன்று பேர் ஆற்றில் இறங்குவதைக் கண்டேன். முன்னால் வந்தவர் தோளில் பச்சைத் துண்டு. கொளஞ்சிநாதன். மற்ற இருவர் தலையிலும் சோகைக் கட்டு. அவர் கையில் பந்தம். எதற்கென்று உடனே புரிந்துவிட்டது. சோகைக் கட்டும் பந்தமுமாக ஆள் நடந்தால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியும்.

எழுந்து கத்தினேன். காற்று அங்கிருந்து வருகிறது. என் குரல் அவர்களிடம் போகவில்லை. சங்கரியைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் தீயின் சடசடப்பு. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். கொளஞ்சிநாதன் என்னைப் பார்த்தார். நின்று, பந்தத்தை உயர்த்தி, அவரும் ஆட்டினார்.

செல்போனை எடுத்துச் சங்கரிக்கு அடித்தேன். மணி என் காலடியில், அவள் பைக்குள்ளிருந்து அடித்தது.

ஆற்றில் இறங்கினேன். தொடையளவு தண்ணீரில் கால் வழுக்கியது. பிடித்து நிமிர்ந்தபோது கிழக்கு நுனியில் புகை. பிறகு புகை இல்லை, நேராகத் தீ. காற்று வாக்கில் காய்ந்த நாணல். அது நகரவில்லை, ஓடியது. ஆள் உயரத்துக்கு மேல். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியும் என்று அவர் சொன்னது சரிதான். அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு தீக்கும் நடுவில் மாட்டிய எதுவும் வெளியே வந்ததாக எனக்குத் தெரியவில்லை. காடைகள் எழும்பிப் புகைக்குள் விழுந்தன. வேறு என்ன சத்தம் என்று எழுத வேண்டியதில்லை.

பாவாடை எரிகிற தரையில் ஓடி ஈரமணலில் விழுந்தார். இரண்டு உள்ளங்காலும் வெந்துவிட்டன. கோதண்டபாணி தன் ஜீப்பிலேயே விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சங்கரி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். குச்சிகள் கரிந்து, இன்சுலேட்டர்கள் சாம்பலில் வெள்ளையாகக் கிடந்தன. எதிர்க்கரைக்காரர்கள் அதற்குள் போய்விட்டார்கள். புகையில் அவர்களை அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றையேதான் சொன்னாள். "காத்து மாறலப்பா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பொறி எப்படி எதிர்ப்பக்கம் போவும்? எங்கியோ நான்தான் தப்பு பண்ணியிருக்கேன்."

"சங்கரி, நான் ஒண்ணு பாத்தேன்—"

"இப்ப வேணாம்பா."

சொர்ணாம்பாள் எனக்குக் கண்ணால் சைகை காட்டினாள். நிறுத்திக்கொண்டேன்.

11 பிப்ரவரி

காலையில் கொளஞ்சிநாதன் வந்தார். துண்டில் வெல்லம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். புருவம் இரண்டும் கருகியிருந்தன.

"பாப்பா எங்க சார்? தூங்குதா? தூங்கட்டும் தூங்கட்டும். நேத்து எம்மா வேல!" நாற்காலியில் உட்கார்ந்தார். "முடிச்சு வுட்டோம் பாத்தீங்கள்ல! கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார். தீ நவுரவே மாட்டேங்குது. அந்தப் புள்ள குனிஞ்சி குனிஞ்சி பாக்குது. எனக்கு மனசு கேக்கல. நம்ம ஊருல ஒருத்தன் கொல்ல எரிய மாட்டேங்குதுன்னா பாத்துக்கிட்டு நிப்பமா? கூப்புடணும்னா நிப்பான்? சோகையத் தூக்கிக்கிட்டு எதிர் முனையில வெச்சி முடிச்சிக் குடுத்துட்டுதான் போவான். அதான் தம்பிங்கள இட்டுக்கிட்டு எறங்கிட்டேன். இனிமே மீதிப் பாதிக்கு ரெண்டு வருஷம் எதுக்கு அலையணும்? ஒரே நாள்ல கத முடிஞ்சிது." என் தொடையில் தட்டினார். "நீங்ககூட கைய ஆட்டுனீங்களே சார்!"

வாசற்படிக்கு உள்ளே சங்கரி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. முதல் வார்த்தையிலிருந்தே கேட்டிருக்க வேண்டும்.

நான் எழுந்தேன். இந்த மனிதரிடம் என்ன சொல்வது? அவள் எனக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"காயம் ஏதும் படலியேண்ணே?"

"புருவந்தான் போச்சு பாப்பா. வூட்டுக்காரி ராத்திரியிலேர்ந்து சிரிச்சிக்கிட்டே இருக்கா, நாமத்த துடைச்சாப்பல இருக்குதாம் மொகம்." பிறகு குரல் இறங்கியது. "பாவாடைக்கு என்னமோ காலுல பட்டுடுச்சுன்னு கேள்விப்பட்டேன். எப்படி?"

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

"எங்க தீயில மிதிச்சிட்டாருண்ணே. மேக்கால. சரியாயிடும்."

உள்ளே போய் அவளே காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அவர் ஆற்றிக் குடித்தார். "போயிட்டு வரேன் பாப்பா. எப்ப வேணும்னாலும் கூப்புடு. கூப்புடாட்டியும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெல்லம் மேஜையில் இருக்கிறது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

12 பிப்ரவரி

பாவாடையைப் போய்ப் பார்த்தேன். கால்களில் கட்டு. பக்கத்தில் ஆரஞ்சுப் பழங்கள்.

"கொளஞ்சி வந்து வெச்சிட்டுப் போறான் சார். பாத்து நடக்கக் கூடாதாடான்னு என்னியவே திட்டுறான். நான் என்னான்னு சொல்றது? அந்தப் பக்கத்துத் தீ நம்ம தீ இல்ல சார். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா அவன உள்ள வெச்சிடுவாங்க. அவன் மேல ஏற்கெனவே போராட்டக் கேசு நிக்குது. ஒரே ஊருல இருக்கோம் சார். நாளைக்கு அவன் மொகத்துல எப்படி முழிக்கிறது?" ஓர் ஆரஞ்சை என் பக்கம் நகர்த்தி, "பாப்பா என்னா எழுதப்போவுது?"

மாலை கோதண்டபாணி வீட்டுக்கு வந்தார். சீருடையில் இல்லை.

"வெளியாள் யாராச்சும் வெச்சாங்கன்னா சொல்லுங்கம்மா. எழுதிக் குடுத்தீங்கன்னா கேஸ் போட்டுடலாம். ஆளுக்குக் காயம் ஆயிருக்குது, சும்மா வுட மாட்டாங்க. யாரும் இல்லன்னா உங்க தலையிலதான் விழும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரும் இல்ல சார். சுழல்காத்து. பொறி தாண்டிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் கரையில் இருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அவர் போன பிறகு முதல் முறையாகச் சத்தம் போட்டேன். என்னா இது? கண்ணால பாத்தவன் நான் ஒருத்தன் இருக்கேன். நான் எழுதறேன். பேரப் போட்டு எழுதறேன்.

"என்னா எழுதுவீங்க? ஒதவி பண்ண வந்தாருன்னா? அதுக்கு அவங்ககிட்ட செக்‌ஷன் இருக்குதா? தீ வெச்சாருன்னுதாம்பா எடுத்துப்பாங்க. ரெண்டு பொண்ணு இருக்குது அவருக்கு."

"சரி, எழுதல. அந்த ஆள்கிட்டயாவது சொல்லு. என்னா பண்ணிட்டாருன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா அவரு என்னா பண்ணுவாருன்னு உங்களுக்குத் தெரியாதா? நேரா ஆபீசுல போயி நின்னு நான்தான்னு சொல்லிடுவாரு. பாப்பா மேல பழி வரக் கூடாதுன்னு." பிறகு, மெதுவாக: "நீங்களும் சொல்லக் கூடாது. எப்பவும். சொல்லுங்கப்பா, சொல்ல மாட்டேன்னு."

சொல்ல மாட்டேன் என்றேன். வேறு என்ன செய்வது.

14 பிப்ரவரி

தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்: "நீங்க ஸ்பாட்லயே இருந்தீங்களாமே சார், ஒரு நாலு வரி குடுங்க." மகள் சம்பந்தப்பட்டது, நான் எழுதுவது முறையல்ல என்றேன். நியாயமான பதில். ஒத்துக்கொண்டார்கள். கடலூரிலிருந்து யாரோ அதிகாரியின் அறிக்கையை வைத்து எழுதியிருக்கிறார்கள். "திடீர் சுழல்காற்றில் தீ பரவியது, வெளிநாட்டு முறையில் நடத்திய சோதனை தோல்வி." உள்பக்கத்தில் சின்னச் செய்தி.

நான் கண்ணால் பார்த்த ஒன்று என் பத்திரிகையிலேயே தவறாக வந்திருக்கிறது. திருத்தம் போடச் சொல்ல என்னால் முடியாது.

17 பிப்ரவரி

சங்கரி தினமும் திட்டுக்குப் போய்வருகிறாள். சாம்பலில் என்ன தேடுகிறாள் என்று கேட்டேன். "இறந்ததை எழுதி வெக்கணும்பா. அது என் வேலை."

29 பிப்ரவரி

உத்தரவு வந்துவிட்டது. திட்டம் ரத்து. இந்தப் பகுதியில் இனி அவள் பெயரில் எந்த அனுமதியும் இல்லை. அவள் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்தும் கடிதம் — அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது.

சொர்ணாம்பாளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என்னைத்தான் திட்டினாள். "அந்த ஆளு மேல எனக்குக் கோவம் வரல. நீங்க ஆம்பள, கரையிலதான நின்னீங்க?"

நின்றேன்.

7 ஜூன்

தீவிலிருந்து பதில் வந்திருக்கிறது. அவளை மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். தீ வைக்கும் குழுவில் அல்ல. விதை பிரிக்கும் கூடத்தில். முன்பு அந்தக் குழுவுக்கே அவளைத் தலைமை ஏற்கச் சொல்லிக் கேட்டவர்கள். இப்போது விபத்துக்குப் பொறுப்பானவளாம். விதிமுறை இடம் கொடுக்காதாம்.

"நான் அறிக்கையில வேற காரணம் எழுதியிருந்தா கொடுத்திருப்பாங்க" என்றாள், பெட்டியை அடுக்கிக்கொண்டே. வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி காயாது என்பதுபோலச் சொன்னாள்.

21 ஜூன்

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தோம். கொளஞ்சிநாதன் எப்படியோ கேள்விப்பட்டுப் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார். ஒரு பை நிறைய முந்திரி. புருவம் முளைத்திருந்தது.

"ஏன் சார் பாப்பா வேலைய நிறுத்திட்டாங்க?"

"மேலிடத்து உத்தரவு" என்றேன்.

"நல்லா எரிஞ்சதுக்கு நிறுத்துவானுங்களா? எல்லாம் பொறாம சார். நம்ம ஊருப் பொண்ணு ஒண்ணு பண்ணுதுன்னா பொறுக்காது இவனுங்களுக்கு." ஜன்னலருகே போய், "நீ போயிட்டு வா பாப்பா. இங்க நாங்க இருக்கோம்" என்றார். அவள் கம்பி வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகரும்வரை விடவில்லை.

என்னைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினாள். நினைவூட்டல்.

28 நவம்பர்

மூன்று நாளாக அடைமழை. வெள்ளாற்றில் கரை முட்டும் வெள்ளம். சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலெல்லாம் தண்ணீர். காலையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். திட்டு முழுக்க மூழ்கிவிட்டதாம். அதைச் செய்தியில் சேர்க்கவில்லை. யாருக்குச் செய்தி?

8 மார்ச் 2009, ஞாயிறு

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு தேர்தல் கூட்டம். முடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். எனக்கே காரணம் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, திட்டுக்கு நடந்தேன்.

நாணல் வந்திருக்கிறது. இரண்டு பாதியிலும். கிழக்கில் என் தலைக்கு மேல், மேற்கில் இடுப்பளவு. அவள் சொன்னபடியே மேற்கே நகர்ந்திருக்கிறது. கருவேலங்கன்று இருக்கிறதா என்று குனிந்து தேடினேன் — இருக்கிறது, ஆனால் கொஞ்சம். வெள்ளம் மண்ணைப் போட்டு மூடியிருக்க வேண்டும். அல்லது தீ வேலை செய்திருக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும்.

கிழக்குப் பாதியின் ஓரத்தில் ஓர் ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கூழாங்கற்களுக்கு நடுவில் நான்கு முட்டைகள், கூழாங்கல் நிறத்திலேயே. திரும்பும்போது தூரத்தில் இன்னொரு ஜோடி. நாணலுக்குள் ஏதோ ஓடியது, முயலாக இருக்கலாம்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சங்கரிக்கு எழுதினேன். செய்தி எழுதுவதுபோல, வரிசையாக. பார்த்ததை மட்டும்.

20 மார்ச்

பதில் வந்திருக்கிறது. தீவில் இணைய இணைப்பு கிடைக்கும் நாளில்தான் அவர்களுக்குக் கடிதம் போய்ச் சேர்கிறது.

"முட்டை எந்தப் பாதியில், அப்பா? கிழக்கிலா? மறுபடி படித்துப் பார்த்தேன், கிழக்கு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனிமேல் அங்கே போகாதீர்கள், வேறு யாரும் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம்வரை சும்மா விட்டால் போதும்."

கடிதத்தைச் சொர்ணாம்பாளுக்குப் படித்துக்காட்டினேன். "இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

யாரும் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? யார் போகப்போகிறார்கள், ஆற்றுக்கு நடுவில்.

5 ஏப்ரல், ஞாயிறு

பிற்பகல் கொளஞ்சிநாதன் போன் செய்தார். கொல்லையிலிருந்து பேசுகிறார் என்று நினைத்தேன். பின்னால் ஆட்கள் சத்தம்.

"சார், நல்லா இருக்கீங்களா? வெட்டு முடிஞ்சிது சார். காலையில சோகை கொளுத்தினோம். கையோட கையா திட்டுக்கும் எறங்கிட்டோம். அங்கேர்ந்துதான் பேசறேன். அவனுங்க நிறுத்திட்டா என்னா, நாங்க இல்லியா? இந்தத் தடவ ஆளு நெறைய. ரெண்டு பாதியையும் காத்து வாக்குலயே வெச்சோம். ஒரு குச்சி மிச்சமில்ல சார், சுத்தமா ஆயிடுச்சு. இனிமே வருஷா வருஷம் நாங்களே பாத்துக்கறோம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் ஓர் ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது, போனுக்கு வெகு பக்கத்தில்.

"இது ஒண்ணு, தலைக்கு மேலயே சுத்திக்கிட்டு காதுல பூந்து கத்துது. பேசுறது கேக்குதா சார்?"

கேட்கிறது என்றேன்.

"பாப்பாவ ஒண்ணும் கவலப்பட வேணாம்னு சொல்லுங்க. சொல்லுவீங்கள்ல?"

சொல்கிறேன் என்றேன்.